முதலாம் ஆண்டுப் பெற்றோர்

கிள்ளான்
9 நவம்பர் 2025

அன்புத் தங்கை ஷாமினிக்கு,

நீயும் லோகனும் ரிஷியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நம்பத்தான் முடியும், கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லையே. தீபாவளிக்கு மறுநாள் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்தாய். போன் அடித்தாலும் எடுப்பதில்லை. சரி, போஸ்ட்மேனை யாரும் பிளாக் செய்ய முடியாதல்லவா? இங்கே உன் மாமாவும் மாதவியும் நானும் நலம். மாமாவுக்கு மட்டும் முட்டி வலி.

உன் கோபம் எதற்கென்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. லோகன் செய்த பிரியாணியில் உப்புத் தூக்கல் என்றேனே, அதற்கா? இல்லை, "பெரியம்மான்னு சொல்லு, அப்பத்தான் முறுக்கு" என்று ரிஷியோடு விளையாடினேனே, அதற்கா? பிள்ளை வாய் திறக்கவில்லை, எல்லாரும் சிரித்தோம், அவ்வளவுதானே! நம் வீட்டு ஆண்களுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். பள்ளிக்கூடம் போனால் தானாக வாயாடுவான்.

பள்ளிக்கூடம் என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். நம் செரோஜா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பதவிக்கு நான் நிற்கப் போகிறேன். சிரிக்காதே. அந்தத் தலைவர்தான் பள்ளி வாரியத்திலும் உட்காருவார். யுகேந்திரன் என்று ஒரு பெற்றோர், பள்ளியை ஹைவேக்கு அந்தப் பக்கம் புதிதாக வரும் குடியிருப்புத் தாமானுக்கு மாற்ற வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார். அவரும் நிற்கிறார். பள்ளி அங்கே போய்விட்டால் கார் இல்லாத குடும்பங்கள் என்ன செய்யும்? இருப்பதே முப்பத்தொரு பிள்ளைகள். பாதிப் பேர் பக்கத்தில் இருக்கிற மலாய்ப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். நான் விடமாட்டேன்.

நீ ஒன்று செய்ய வேண்டும். தேர்தலில் முதல் பெயரைச் சொல்லும் மரியாதை முதலாம் ஆண்டுப் பெற்றோருக்குத்தான் என்பது நம் பள்ளியின் பழக்கம். ஜனவரியில் ரிஷி முதலாம் ஆண்டு. லோகனுக்குப் போர்ட் கிள்ளானுக்கு மாறுதல் வந்து நீங்களும் இங்கே குடி வந்திருப்பீர்கள். நீ எழுந்து என் பெயரை முன்மொழிய வேண்டும். தங்கை இருக்கும்போது வேறு யாரிடம் நான் கேட்பேன்?

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் அக்கா,
ஜெயமாலா


பிரிக்பீல்ட்ஸ்
22 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

இங்கே மூவரும் நலம். மாமாவின் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடு, அவர் வாய் திறந்து கேட்கமாட்டார். உன் கடிதத்தைக் கொடுத்தபோது போஸ்ட்மேன் சிரித்தார். "இப்பல்லாம் பில்லுதான் ஆன்டி வருது, லெட்டர் எங்க வருது" என்றார்.

பிரியாணி இல்லை அக்கா. கோபமும் இல்லை, களைப்புத்தான். மஸ்ஜித் இந்தியா துணிக்கடை வேலையை விட்டுவிட்டேன். பகல் முழுக்க வீட்டில்தான். எங்கள் ஜன்னலுக்குக் கீழே ரயில் தண்டவாளங்கள் போகின்றன என்று உனக்குத் தெரியும். மழை பெய்யும் மத்தியானங்களில் தண்டவாளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெள்ளைப் புகைக்குள்ளிருந்து ரயில் மட்டும் சத்தமில்லாமல் வரும், கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி கரைந்து போகும். ரிஷி நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு பார்ப்பான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். நாங்கள் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று எனக்கே தெரியாமல் மணி ஐந்தாகிவிடும்.

போன வாரம் ஒரு கனவு. நம் பள்ளி தண்ணீரில் மிதந்து வருகிறது. படிக்கட்டில் நீ நிற்கிறாய். பிள்ளைகள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். ரிஷியைத் தூக்கி உன்னிடம் நீட்டுகிறேன். "பேரைச் சொல்லு, ஏத்திக்கிறேன்" என்று அவனிடம் சொல்கிறாய். பள்ளி மெதுவாக நகர ஆரம்பிக்கிறது. அதோடு விழித்துவிட்டேன்.

நீ தேர்தலில் நிற்பது எனக்குச் சந்தோஷம். உன் வாய்க்குப் பள்ளி வாரியம் போதாது, நாடாளுமன்றமே வேண்டும். முன்மொழியச் சொல்கிறாய். நான் செய்யாமல் யார் செய்வார்கள்? செய்கிறேன்.

மாதவிக்கு முத்தம்.

ஷாமினி


கிள்ளான்
6 டிசம்பர் 2025

என் தங்கமே ஷாமினி,

உடம்பைப் பார்த்துக்கொள். நல்ல வேலையை விட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் களைப்பு வராமல் என்ன வரும்? இங்கே எல்லாரும் சுகம். நீ சம்மதித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை முடிந்து தினமும் இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய் வருகிறேன். லோரி ஓட்டும் நாகையாவைத் தெரியுமே, அவர் வீட்டு வாசல் கேட்டருகிலேயே, "ஒங்களுக்குத்தான் ஓட்டு, சும்மா போங்கலா" என்று அனுப்பிவிட்டார். அவர் மனைவி சீதாலெட்சுமி, "யாருக்கா ஒங்கள முன்மொழியப் போறது?" என்று கேட்டாள். "என் தங்கச்சி. அவ பிள்ளை முதலாம் ஆண்டு சேரப் போறான்" என்றேன். "அப்ப சரி, அந்த மரியாதை அவங்களுக்குத்தான். நாங்க குறுக்க வரமாட்டோம்" என்றாள். இப்படியே எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.

யுகேந்திரனைப் பாசாரில் பார்த்தேன். கையில் கீரைக்கட்டோடு அரை மணி நேரம் சண்டை. "அக்கா, பள்ளியச் சுத்தி ஸ்டோரும் லோரியும்தான் இருக்கு, வீடு எங்க இருக்கு? இன்னும் அஞ்சு வருஷத்துல பிள்ளைக்கு எங்க போவீங்க?" என்கிறார். மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

நேற்றுக் காலை மாதவியை இறக்கிவிடப் போனபோது நல்ல மூட்டம். இரண்டு பக்கமும் இருக்கிற கிடங்குகள் மறைந்து போய், பள்ளி மட்டும் தனியாக நின்றது. திடலில் கொக்குகள் நடந்துகொண்டிருந்தன. உள்ளே பிள்ளைகள் தேவாரம் பாடுகிறார்கள், ஆனால் ஒரு பிள்ளையும் கண்ணில் படவில்லை. காரை எடுக்க மனசே வரவில்லை ஷாமினி. ஆபீசுக்கு லேட்டாகப் போய்த் திட்டு வாங்கினேன்.

ரிஷியின் சட்டை அளவு என்ன? எந்தத் தேதி குடி வருகிறீர்கள்? இரண்டுக்கும் உடனே பதில் வேண்டும்.

உன் அக்கா,
ஜெயமாலா


பிரிக்பீல்ட்ஸ்
29 டிசம்பர் 2025

அன்புள்ள அக்கா,

பதில் தாமதம், மன்னித்துவிடு. நாங்கள் சுகம். உங்கள் பக்கம் வெள்ளம் இல்லையே? இங்கே ஒரு வாரமாக மழை.

மழையில் இந்த ஊர் வேறு ஊராகிவிடுகிறது. கீழே பூமாலைக் கடைக்காரர்கள் பிளாஸ்டிக் திரையை இறக்கிவிட்டார்கள். திரைக்குப் பின்னால் மஞ்சளும் சிவப்பும் கலங்கித் தெரிகின்றன. ரிஷியைக் கூட்டிக்கொண்டு அதன் ஓரமாக நடந்தேன். ஒவ்வொரு கடையிலும் நின்று திரையில் கையை வைத்துவிட்டு வந்தான். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. எனக்கு அன்று மனசு லேசாக இருந்தது.

அக்கா, நம் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல். வகுப்பில் சத்தம் அதிகமா? மணிக்கு இன்னும் அந்தப் பழைய சைரன்தானா? ஒரு பிள்ளை பாடத்தின் நடுவில் எழுந்து வெளியே போய்விட்டால் யார் பின்னால் போவார்கள்? அதற்கென்று ஆசிரியர் யாராவது இருக்கிறார்களா?

மாமாவையும் மாதவியையும் விசாரித்ததாகச் சொல்.

ஷாமினி


கிள்ளான்
15 ஜனவரி 2026

அன்புத் தங்கைக்கு,

பொங்கல் வாழ்த்து. பால் பொங்கியது, மாமா இரண்டு வார்த்தை பேசினார், எல்லாரும் நலம்.

நான் கேட்டது சட்டை அளவு. நீ கேட்பது சைரன். அதே சைரன்தான்! அடித்தால் எதிர்க் கிடங்கில் வேலை செய்பவர்களும் சாப்பிடப் போகிறார்கள். சத்தமில்லாத பள்ளி எங்கேயடி இருக்கிறது? பாடத்தின் நடுவில் எழுந்து ஓடினால் தலைமையாசிரியர் குணபூசணி டீச்சர் காதைத் திருகி உட்கார வைப்பார். உன்னையும் என்னையும் அப்படித்தானே வளர்த்தார்கள்? கவலைப்படாதே.

பள்ளி திறந்துவிட்டது. முதலாம் ஆண்டில் ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறாவது நாற்காலியில் ரிஷியின் பெயரை ஒட்டி வைத்திருக்கிறார் டீச்சர். "எப்ப வருவார் ரிஷி?" என்று தினமும் கேட்கிறார். நான் உத்தேசமாக ஆறு வயது அளவில் இரண்டு சட்டை வாங்கித் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வீடு கிடைக்கவில்லை என்றால் என் வீட்டில் வந்து இருங்கள், மாதவி ஹாலில் படுப்பாள்.

பொதுக்கூட்டம் பிப்ரவரி ஏழாம் தேதி, சனிக்கிழமை காலை. நான் தலையை எண்ணிப் பார்த்துவிட்டேன், ஜெயித்துவிடுவேன். நீ எழுந்து என் பெயரைச் சொன்னால் போதும்.

ஜெயமாலா


பிரிக்பீல்ட்ஸ்
24 ஜனவரி 2026

அக்கா,

நலம். ரிஷிக்குக் கொஞ்சம் சளி. லோகனின் மாறுதல் தள்ளிப் போகிறது. சட்டைகளுக்கு நன்றி.

ஏழாம் தேதி நினைவிருக்கிறது. வருகிறேன்.

ஷாமினி


கிள்ளான்
8 பிப்ரவரி 2026

ஷாமினிக்கு,

ரிஷியின் சளி விட்டதா? உன்னை நலமா என்று கேட்க இன்று எனக்கு மனம் வரவில்லை.

நேற்று நான் தோற்கவில்லை. தோற்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. மண்டபம் நிறைய ஆட்கள். குணபூசணி டீச்சர் மைக்கைப் பிடித்து, "தலைவர் பதவிக்குப் பெயர் சொல்லலாம். வழக்கம்போல முதலாம் ஆண்டுப் பெற்றோர் முதலில்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன். யுகேந்திரன் பெயரை முதலாம் ஆண்டுப் பெற்றோர் ஒருவர் சொன்னார், இன்னொருவர் வழிமொழிந்தார். "வேறு யாராவது?" என்றார் டீச்சர். எனக்காகவே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். "ரிஷியின் அம்மா வந்துவிட்டாரா?" என்று உன்னை மைக்கில் கூப்பிட்டும் பார்த்தார். வெளியே தூறல், மேலே காற்றாடி சுற்றுகிறது, ஒருவரும் அசையவில்லை. கனவில் ஓட நினைத்துக் கால் நகராமல் நிற்போமே, அப்படி இருந்தது. என் பெயரை நானே சொல்ல விதியில்லை. மூன்றாவது முறை கேட்டுவிட்டு, யுகேந்திரன் போட்டியின்றித் தலைவர் என்று அறிவித்துவிட்டார்.

பிறகு ஆளாளுக்கு மீகூன் நூடுல்ஸ் தட்டோடு என்னிடம் வந்தார்கள். "ஒங்க தங்கச்சி சொல்லுவாங்கன்னுதானேக்கா நாங்க கம்முனு இருந்தோம்" என்று சீதாலெட்சுமி அழுதே விட்டாள். எனக்கு ஓட்டுப்போட மண்டபத்தில் பாதிக்கு மேல் ஆள் இருந்தது, என் பெயரைச் சொல்லத்தான் ஆள் இல்லை. உன்னை நம்பி நான்தான் எல்லார் வாயையும் கட்டி வைத்தேன்.

இன்னொன்று. கூட்டம் நடக்கும்போது ஒரு பெண் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றதாகக் கேண்டீன் அக்கா சொல்கிறார். "கூட ஒரு பையன், ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கிட்டு நின்னான். உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன், போயிட்டாங்க" என்றார். அது நீயா? வாசல் வரைக்கும் வந்துவிட்டு ஏன் என்னை அப்படி விட்டுவிட்டுப் போனாய்?

என் வயிறு எரிகிறது ஷாமினி. பதில் சொல்.

ஜெயமாலா


பிரிக்பீல்ட்ஸ்
19 பிப்ரவரி 2026

என் அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். வாட்ஸ்அப் பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, கடிதத்திலேயே சொல்கிறேன்.

ஆமாம், மரத்தடியில் நின்றது நான்தான்.

ரிஷிக்கு ஆட்டிசம் அக்கா. போன வருஷம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவனுக்குப் பயிற்சி கொடுக்கக் கூட்டிக்கொண்டு அலையத்தான் வேலையை விட்டேன். லோகனுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுக்க அவனுக்குப் "பெரியம்மா" என்ற வார்த்தையைத்தான் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் இரண்டு தடவை சொன்னான். அங்கே நீ முறுக்கைத் தூக்கிப் பிடித்ததும், எல்லாரும் சிரித்ததும், அவனுக்கு அந்த வார்த்தை போய்விட்டது. இன்னும் திரும்ப வரவில்லை. உன் மேல் எனக்குக் கோபம்தான் அக்கா. பொய் சொன்னேன்.

முடிந்தால் நம் பள்ளியிலேயே சேர்க்கத்தான் நினைத்தோம். அதற்காகத்தான் உன்னிடம் சைரனையும் ஆசிரியரையும் கேட்டேன். காதைத் திருகுவார் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் சமைக்கவில்லை. இங்கே பக்கத்தில் ஒரு மலாய்ப் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிறது. உன் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் இடம் கிடைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதோடு நான் முதலாம் ஆண்டுப் பெற்றோர் இல்லை.

இருந்தாலும் நேரில் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். கொம்யூட்டர் மின்சார ரயிலில் ரிஷி அவ்வளவு சந்தோஷமாக வந்தான். தூறலில் ஊர்கள் மெல்ல மெல்லப் பின்னால் போயின. இந்த ரயில் கிள்ளானில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். பள்ளி வாசலில் ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டான். "ரிஷியின் அம்மா வந்துவிட்டாரா" என்று கேட்டது. உள்ளே வந்து கையைத் தூக்கினால் பொய். உண்மையைச் சொன்னால், "பள்ளியக் காப்பாத்துறேன்னு நிக்கிறாங்க, சொந்தத் தங்கச்சி பிள்ளையே மலாய்ப் பள்ளிக்குப் போவுது" என்று உன்னைப் பேசுவார்கள். என் பிள்ளையையும் பேசுவார்கள். எனக்குக் கால் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

என்னை மன்னிப்பாயா என்று கேட்கமாட்டேன். அவனைப் பாவம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

ஷாமினி


கிள்ளான்
15 மார்ச் 2026

என் கண்ணே ஷாமினி,

நலமா? ரிஷி நலமா? புது வகுப்பு அவனுக்குப் பிடித்திருக்கிறதா? இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் அந்த முறுக்குத்தான் கண்ணில் நிற்கிறது. பேனாவை மூடி வைத்துவிடுவேன். நான் ஒரு மடச்சி. ஏதாவது என் மேலே விழுந்து நான் அமுங்கிப் போயிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். "நாமதான் பெருசா சிரிச்சோம்" என்றார்.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பள்ளி இடமாற்றத்தைப் பேச யுகேந்திரன் கூட்டம் போட்டிருந்தார். புதுக் கட்டடத்தின் படத்தைச் சுவரில் காட்டினார். கம்ப்யூட்டர் அறை, நூலகம், பெரிய மண்டபம். எதிர்த்துப் பேசத்தான் நான் எழுந்தேன், வேன் செலவு, தூரம் எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தேன். என் வாயில் வேறு வந்தது. "இதுல சிறப்புக் கல்வி வகுப்பு எங்க?" என்று கேட்டேன்.

யுகேந்திரனுக்குப் புரியவில்லை. பின்னாலிருந்து யாரோ, "நம்ம பள்ளியில அந்த மாதிரிப் பிள்ளைங்க யாரும் இல்லையேக்கா" என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மைக்கைப் பிடுங்காத குறைதான். "எப்படி இருப்பாங்க? வாசல்லயே திரும்பிப் போயிடுறாங்க. என் தங்கச்சி மகன் ரிஷிக்கு ஆட்டிசம். அவனுக்கு இங்க ஒரு வகுப்பு இல்ல, ஒரு வாத்தியார் இல்ல. இந்தப் பள்ளியக் காப்பாத்துறேன்னு ஊரெல்லாம் சுத்தினேன், என் வீட்டுப் பிள்ளைக்கே இங்க இடமில்ல" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் ஷாமினி. சொல்லி முடித்தபிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது சீதாலெட்சுமி எழுந்தாள். புருஷன் நாகையா அவள் சேலையைப் பிடித்து இழுத்தார், உட்காரவில்லை. "எனக்கு மூத்தது ஒரு பொண்ணு இருக்கு. ஒம்பது வயசு. வீட்டுலதான் வெச்சிருக்கோம்" என்றாள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டு சந்துதான். அப்படி ஒரு பிள்ளை இருப்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. அவள் உட்கார்ந்ததும் ஜன்னலோரத்தில் இன்னொரு அம்மா எழுந்தாள். அதற்குப் பிறகு ஓர் அப்பா.

யுகேந்திரன் படத்தை அணைத்துவிட்டார். "இத முதல்ல எழுதுவோம்" என்றார். பள்ளி இங்கேயே இருக்கட்டும், அங்கே போகட்டும், அந்த வகுப்பைக் கேட்டு வாரியத்துக்குப் போகும் குழுவில் நானும் இருக்கிறேன்.

திட்டணும் என்றால் திட்டு. நான் வாங்கிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
ஜெயமாலா


பிரிக்பீல்ட்ஸ்
24 மார்ச் 2026

அன்புள்ள அக்கா,

மூவரும் சுகம். உன் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்து, நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக என் வாயில் வராத வார்த்தையை நீ மைக்கில் சொல்லியிருக்கிறாய். முதலில் கோபம் வந்தது. பிறகு அழுதேன். லோகன் வந்து என்ன என்று கேட்டார், கடிதத்தைக் கொடுத்தேன். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

திட்டமாட்டேன் அக்கா. சீதாலெட்சுமி அக்காவின் போன் நம்பரை மட்டும் கேட்டு வாங்கி அனுப்பு. அவருடைய மகள் இரவில் தூங்குகிறாளா என்று நான் கேட்க வேண்டும். அவர் தூங்குகிறாரா என்றும் கேட்க வேண்டும்.

ஷாமினி